குளுவாங்கில் அரிவாள் வாங்கணும்னா இந்தக் கடைக்குப் போங்க

எனக்கு நாலு ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, இருக்கு. வீட்டுக்காரர் தவறின பிறகு நானும் தம்பியும்தான் குலை வெட்டுறோம். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பாசாருக்கு (சந்தைக்கு)ப் பின்னால் வரிசைக் கடைகளின் கோடியில் ஒரு தோட்டச் சாமான் கடை இருக்கு. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்துப்போச்சு, வாசலில் சாய்த்து வைத்த அலுமினியக் கம்புகளைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். மூணு தடவை போய் வாங்கியாச்சு.

முதல் தடவை அரிவாளைக் கட்டுற நீளக் கம்பு கேட்டதும், தவுக்கே (கடை முதலாளி) விலை சொல்லவில்லை. "உங்க தோட்டத்து மேல கரண்டு கம்பி போகுதா அக்கா?"ன்னு தமிழில் கேட்டார். ஒரு ஓரமா போகுதுன்னேன். அந்த வரிசை மரங்களுக்கு இந்தக் கம்பை எடுக்கவே கூடாது, அலுமினியம் ஆளைக் கொன்னுடும்னு சொல்லிவிட்டுத்தான் கம்பைக் கையில் கொடுத்தார்.

அரிவாள் 38 வெள்ளி (ரிங்கிட்). நல்ல இரும்பு, ஆறு மாசம் ஆகியும் வாய் மழுங்கவில்லை. ஆனால் நாங்கள் அதைக் கம்போடு கம்பியால் கட்டியிருந்தோம், நாலு குலை வெட்டினாலே ஆடும். ரெண்டாம் தடவை கொண்டுபோய்க் காட்டினேன். பழைய சைக்கிள் டியூப்பை நாடா மாதிரி நறுக்கி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டிக் காட்டினார். இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்து இங்கே குலை வெட்டுற ஒரு தம்பி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததாம். இப்போ அசைவதே இல்லை. ரெங்கத்தில் இருக்கிற என் நாத்தனாருக்கும் கட்டிக் கொடுத்துட்டேன்.

செம்பனையே அப்படி ஊர் மாறி ஊர் வந்ததுதானே. மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நாலு கன்று நட்டாங்க, அதன் வழி வந்த விதைகள் சுமத்ராவில் பரவிச்சு. இங்கே சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வியாபாரத்துக்கு நட ஆரம்பிச்சாங்க. மரம் வந்தும், அதன் மகரந்தத்தைச் சுமக்குற பூச்சி வரவில்லை. அதனால் பூவுக்குப் பூ மனுஷங்கதான் போகணும். எங்க அம்மா அந்த வேலைதான் பார்த்தாங்க. மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, குழாயால் பெண் பூவில் ஊதணும். மட்டை முள் கிழிச்ச கையோடு மத்தியானம் லயத்துக்கு வருவாங்க.

1981-இல், நான் தமிழ்ப் பள்ளியில் ரெண்டாம் ஆண்டு படிச்சப்போ, கேமரூனிலிருந்து சின்னக் கூன்வண்டை இங்கே கொண்டுவந்து விட்டாங்க. ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தான் பூச்சியியல் அறிஞர்தான் அங்கே போய், இந்த வண்டுதான் மகரந்தம் சுமக்குதுன்னு கண்டுபிடிச்சவர். ஆண் பூவில் சோம்பு வாசம் வரும், அதுக்கு வண்டு மொய்க்கும். பெண் பூவும் அதே வாசம் விட, மகரந்தத்தோடு அங்கேயும் போயிடும். சீக்கிரமே இந்தோனேசியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் அந்த வண்டு போய்ச் சேர்ந்தது. அம்மா குழாயைக் கீழே வைத்துவிட்டு உதிரிப் பழம் பொறுக்கப் போனாங்க.

குறையும் சொல்லணும். அங்கே வாங்கின கையுறை ஒரே வாரத்தில் தையல் விட்டுப்போச்சு, மாற்றித் தரவில்லை. கையுறையை வேற இடத்தில் வாங்குங்க. அரிவாள், கம்பு, சாணைக்கல் மூணுக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம். அங்கே வாங்கின அரிவாளுக்குச் சாணை பிடிக்கக் காசு கேட்கிறதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு சாத்திடுவார்.

அம்மாவின் குழாய் இன்னும் எங்க பரணில் இருக்கு. சொன்னதும் தவுக்கே பார்க்கணும்னு கேட்டார். அடுத்த தடவை எடுத்துக்கிட்டுப் போறேன்.