ரேடியேட்டர் விசிறிக்குக் கைச்சுவிட்ச்: நேரடி இணைப்பா, ரிலே வழியா?

ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறி இறங்கும் நண்பர்கள் மூன்று பேர் இந்தக் கோடையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ரேடியேட்டர் விசிறியை நாமே போடவும் நிறுத்தவும் டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைக்கலாமா, வைத்தால் எந்த முறையில் வைப்பது? சென்ற ஆண்டு என் பழைய பெட்ரோல் காருக்கு அதைச் செய்துகொண்டவன் நான். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விசிறி தானாக ஓடும் ஏற்பாட்டைக் கெடுக்காமல், அதற்கு இணையாக, ரிலே (சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைப் போடவும் நிறுத்தவும் செய்யும் மின்காந்தச் சுவிட்ச்) வழியே போடும் சுவிட்ச்.

தேவை ஏன் வந்தது என்பது இந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தில் தொடங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் இன்ஜின் முழு மூச்சில் உழைக்கும், ஆனால் வேகம் 20 கிலோமீட்டர்தான்; முகப்பில் மோதும் காற்றை நம்ப முடியாது. கோடை விழா நாட்களில் வண்டிகள் வளைவுக்கு வளைவு நின்று நின்று நகரும்போது விசிறி ஒன்றுதான் துணை. பழைய கார்களில் தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டி, பெரும்பாலும் 95-ஐ நெருங்கிய பிறகே, சூட்டை உணர்ந்து தானாக மூடி மின்சாரம் தரும் தெர்மோ சுவிட்ச் விசிறியை ஓட விடுகிறது. தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வோ 82 டிகிரி வாக்கிலேயே திறக்கத் தொடங்கிவிடும். இந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரி இடைவெளியைத்தான் கைச்சுவிட்ச் நமக்குக் கையிருப்பாகத் தருகிறது. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கூலண்ட் குறைவு, அடைத்த ரேடியேட்டர், அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி, தேய்ந்த விசிறி மோட்டார் இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இனி முதல் வழி. விசிறிக்குப் போகும் மின்சாரத்தையே டாஷ்போர்டுக்கு இழுத்து, ஒரு சுவிட்ச் வழியே திருப்பி அனுப்புவது. பல பட்டறைகளில் கேட்டவுடன் இதைத்தான் செய்து தருவார்கள். என்னிடமும் ஒரு எலக்ட்ரீசியன், “ரிலே எதற்கு அண்ணா, ஒரு சுவிட்ச் போதுமே” என்றார். போதாது. சிறிய காரின் விசிறிகூட 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். ஓடத் தொடங்கும் கணத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போய் வர 5 மீட்டர் இழுத்து 12 ஆம்பியர் ஓடவிட்டால், ஏறக்குறைய 1.4 வோல்ட் ஒயரிலேயே தொலைந்துவிடும். விசிறி சுணங்கிச் சுற்றும், ஒயர் சூடாகும். என் மச்சானின் கார் இப்படித்தான் இருந்தது. ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறதே என்று சுவிட்சைக் கழற்றிப் பார்த்தோம். பின்பக்கக் கால்களில் ஒன்று தவிட்டு நிறமாகி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மெழுகுபோல இளகி, ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு மலைப் பயணத்துக்குள் இந்த நிலை.

ஆனால் தடித்த ஒயரும் கனமான சுவிட்சும் போட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும். நான் நேரடி இணைப்பை ஒதுக்கியதற்குப் பெரிய காரணம் வேறு: மறதி.

நேரடி இணைப்புப் போடுபவர்களில் பலர் தெர்மோ சுவிட்சைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு விசிறி ஓடுவது ஓட்டுநரின் நினைவில் இருக்கிறது. நான் மறக்க மாட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். என் காரை நான் மட்டுமா ஓட்டுகிறேன்? மனைவி அஸ்தம்பட்டி வரை எடுத்துப் போவார். திருமண நாட்களில் தம்பி ஓட்டுவான். அவசரத்துக்கு வாடகை ஓட்டுநர் வருவார். அவருக்கு அந்தச் சுவிட்ச் எதற்கு என்றே தெரியாது. சேலத்து மே மாத வெயிலில், சிக்னல் சிக்னலாக நிற்கும் நகரப் போக்குவரத்தில், விசிறி இல்லாமல் ஒருமுறை வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் போதும். இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ரிலேயின் விலை ஒன்றுமே இல்லை. மறதியின் மறுபக்கமும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து இணைப்பு எடுத்திருந்தால், அணைக்க மறந்த விசிறி 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

இணையாகப் போடும் ரிலே முறையில் இந்த இரண்டு மறதிக்கும் இடமில்லை. போட மறந்தால் தெர்மோ சுவிட்ச் வழக்கம்போல விசிறியை ஓட்டும். அணைக்க மறந்தால் சாவியை எடுக்கும் வரை விசிறி சும்மா சுற்றும், அவ்வளவுதான். இன்ஜின் குளிர்ந்தே கிடக்குமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். தண்ணீர் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் வால்வு ரேடியேட்டர் பக்கம் திறக்காது என்பதால், அந்த வால்வு நன்றாக இருக்கும் வரை அந்த அச்சம் தேவையில்லை.

என் காரில் செய்த விதம் இது. ரிலேயின் 30-ஆம் எண் காலுக்கு, பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் ஃபியூஸ் வழியே 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 87-லிருந்து அதே தடிமனில் விசிறிக்கு. விசிறியின் மறுமுனை நேராக எர்த்துக்கு, அதாவது காரின் உடல் தகட்டுக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர். 85-லிருந்து இரண்டு கிளைகள்: ஒன்று தெர்மோ சுவிட்ச் வழியே எர்த்துக்கு, மற்றொன்று டாஷ்போர்டுச் சுவிட்ச் வழியே எர்த்துக்கு. எந்தச் சுவிட்ச் மூடி இணைப்புத் தந்தாலும் ரிலே இழுத்து விசிறியை ஓட்டும். டாஷ்போர்டுக்குள் வரும் ஒயரில் 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடுகிறது. மெல்லிய ஒயரே போதும், அது தேய்ந்து தகட்டில் பட்டாலும் விசிறி ஓடுமே தவிரத் தீப்பிடிக்காது. நான் இந்த முறையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பானெட்டுக்குள் பக்கச்சுவரில் பொருத்தினோம், மழைநீர் தங்காமல் இருக்க. உங்கள் காரில் நிறுவனமே ரிலே வைத்திருந்தால் வேலை இன்னும் சுருக்கம்: தெர்மோ சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரில் ஒரு கிளை எடுத்தால் முடிந்தது.

வேறு இரண்டு வழிகளும் இருக்கின்றன. குறைந்த வெப்பத்திலேயே மூடும் தெர்மோ சுவிட்ச் சில கார்களுக்குக் கிடைக்கிறது. ஒயர் வேலையே இல்லை, மறதிக்கும் இடமில்லை. மலை ஏறாதவர்களுக்கு நான் அதையே சொல்வேன். வெப்பத்தைத் திருகி அமைத்துக்கொள்ளும் தனிக் கருவியை நான் ஒரே ஒரு நண்பரின் காரில்தான் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அதன் உணர்கம்பியை ரப்பர் குழாய்க்குள் செருகியிருந்த இடத்தில் கூலண்ட் கசிந்துகொண்டிருந்தது. ஒரு காரை வைத்து அந்த முறையையே குறை சொல்ல மாட்டேன்.

விசிறியைக் கணினிப் பெட்டி கட்டுப்படுத்தும் புதிய கார்களைப் பற்றி என் அனுபவம் பேசாது. வேகத்தைப் படிப்படியாக மாற்றும் விசிறி என்றால் தொடவே வேண்டாம் என்பேன். வாரண்டி உள்ள காரிலும் அப்படியே.

இப்போது அடிவாரத்தில் முதல் வளைவுக்கு முன் சுவிட்சைப் போடுகிறேன். மேலே ஏரிக்கரையில் நிறுத்தியதும் உடனே இன்ஜினை அணைக்காமல், விசிறியோடு இரண்டு நிமிடம் ஓடவிடுகிறேன். இறங்கும்போது அது தேவைப்படுவதில்லை.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நாமே விசிறியைப் போட்டுப் பழகிவிட்டால், தெர்மோ சுவிட்ச் செத்துப்போனாலும் தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏசியையும் கைச்சுவிட்சையும் அணைத்துவிட்டு, வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு முள்ளைப் பார்த்தபடி நிற்கிறேன். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் உள்ளே ‘டிக்’ என்று ரிலே இழுக்கும் சத்தம், அடுத்த நொடி விசிறியின் இரைச்சல். அது கேட்ட பிறகுதான் சாவியை எடுக்கிறேன்.