ஆஃப் சீசனில் வாடகைக் காரில் சுற்ற: சைப்ரஸா, கிரீட்டா, சிசிலியா?

மத்திய தரைக்கடல் தீவு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது அங்கே வெயில் எப்படி இருக்கும் என்பதைத்தான். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போகிறவர் கேட்க வேண்டியது வேறு. அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்திலும் அங்கேயே குடியிருக்கிறார்களா, அல்லது கடையைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்களா? கோடைக்காரர்களுக்கென்றே கட்டிய கடற்கரை ஊர்களில் அக்டோபர் கடைசியில் ஷட்டர் இறங்கினால் ஈஸ்டர் சமயத்தில்தான் மறுபடி ஏறும். டிக்கெட் மலிவு, கார் வாடகையும் கோடையில் கேட்பதில் பாதிகூட வராது என்று சந்தோஷமாகக் கிளம்பியவர், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்காகப் பதினைந்து கிலோமீட்டர் திரும்பி ஓட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று பகல் நேரம். டிசம்பரில் சைப்ரஸிலும் இத்தாலியின் சிசிலித் தீவின் கிழக்கிலும் மாலை ஐந்து அடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும். கிரேக்கத்தின் கிரீட்டில் ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். தெரியாத மலைப்பாதையில் இருட்டில் ஓட்டுவது விடுமுறை ஆகாது. ஆகவே தீவு எவ்வளவு பெரியது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். வரைபடத்தை நம்பினால் இதில் ஏமாந்துபோவோம். கிரீட் சுமார் 8,300 சதுர கிலோமீட்டர், சைப்ரஸ் 9,251. ஆனால் கிரீட் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது, நடுவில் முழுக்க மலை. அதனால் சைப்ரஸைவிடச் சிறிய கிரீட்தான் ஓட்டும்போது பெரிய தீவு. சிசிலி 25,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒரே பயணத்தில் முழுவதையும் பார்ப்பேன் என்று கிளம்பினால் பார்த்ததெல்லாம் சாலையாகத்தான் இருக்கும்.

முதலில் சைப்ரஸ். நம் ஆட்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம், வண்டி இடது பக்கம் ஓடுகிறது. 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சி இருந்ததால் வந்த பழக்கம். சென்னையிலோ கொழும்பிலோ லண்டனிலோ ஓட்டியவருக்கு விமான நிலையத்து வாசலிலிருந்தே கை தடுமாறாது. வழிகாட்டிப் பலகைகளில் கிரேக்கத்தோடு ஆங்கில எழுத்தும் இருக்கும். டோல் எங்கும் கிடையாது. வாடகைக் காருக்குச் சிவப்பு நம்பர் பிளேட். வெளியூர்க்காரர் என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு போவதில் எனக்கு வெட்கமில்லை, பின்னால் வருகிறவர் கொஞ்சம் தள்ளியே வருவார். லார்னாகாவிலிருந்து மேற்குக் கோடியில் இருக்கும் பாஃபோஸுக்கு நல்ல ஹைவேயில் ஒன்றரை மணி நேரம்தான்.

லார்னாகா விமான நிலையத்தை ஒட்டியே உப்பு ஏரி. மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால் குளிர்காலம் முழுக்கப் பூநாரைகள் நிற்கும். கரையில் ஹாலா சுல்தான் தெக்கே பள்ளிவாசல், சுற்றிலும் பேரீச்சை மரம். கோடையில் போனால் அதே ஏரி வெறும் உப்புத் தரை. இப்படி ஆஃப் சீசனில் மட்டும் கிடைக்கும் காட்சிகள் சைப்ரஸில் நிறைய. பாஃபோஸ் மொசைக் தரைகளை அக்டோபருக்கு முன்னால் பார்த்தால் நிழல் தேடியே பாதி நேரம் போய்விடும். ஜனவரியில் ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம்.

ஆனால் அந்தத் தீவுக்குப் போகச் சொல்வதற்கு என் முதல் காரணம் ட்ரூடோஸ் மலை. உச்சி 1,952 மீட்டர், பனி விழும், சிறிய பனிச்சறுக்குத் தளமும் உண்டு. மலைச் சரிவுகளில் சுவரோவியங்கள் நிறைந்த பத்துத் தேவாலயங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் நிகிதாரி கிராமத்துக்கு மேலே இருக்கும் அசினுவை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் செங்குத்தான ஓட்டுக் கூரை போட்ட மாட்டுக்கொட்டகை மாதிரிதான் இருக்கும். உள்ளே போய்க் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் பார்த்தால் சுவரிலும் வளைவிலும் ஓவியம் இல்லாத இடமே தெரியாது. பழையவை 1105, 1106-ஆம் ஆண்டுகளில் வரைந்தவை. உறைந்த ஏரியில் நிற்கவைத்துக் கொல்லப்பட்ட நாற்பது தியாகிகள் இடுப்புத் துணியோடு ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நடுங்கும் ஓவியத்தை ஜனவரிக் குளிரில், அதே கல் தரையில் நின்று பார்ப்பது வேறு அனுபவம். இந்த மாதிரிக் கோயில்களில் பூட்டு தொங்கினால் திரும்பிவிடாதீர்கள். கிராமத்துக் காபிக் கடையில் விசாரித்தால் சாவி வைத்திருப்பவரைச் சொல்வார்கள்.

சைப்ரஸின் குறை கடற்கரை. கிழக்கே அய்யா நாப்பா, புரோத்தாராஸ் பக்கம் குளிர்காலத்தில் ஊரே அடைத்துக் கிடக்கும், அங்கே அறை போடாதீர்கள். லிமசோல் கரையில் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பிவிட்டன. தீவு 1974 முதல் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தெற்கில் எடுத்த காரின் இன்சூரன்ஸ், இரண்டையும் பிரிக்கும் பச்சைக் கோட்டுக்கு வடக்கே செல்லாது. சில நிறுவனங்கள் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே விடுவதில்லை. விடுகிறவர்களிடம் எடுத்தாலும் கடக்கும் இடத்தில் தனியாக ஒரு காப்பீடு வாங்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் எதிராளி வண்டிக்குத்தான். நிகோசியாவில் லெத்ரா தெரு வழியாக நடந்தே போய் வந்துவிடுவது உத்தமம்.

கிரீட் வேறு மாதிரி. மூன்றில் அழகு அதிகம் இதற்குத்தான், ஆஃப் சீசனில் பிடிவாதமும் அதிகம். ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேராக வரும் விமானங்களில் பெரும்பாலானவை அக்டோபரோடு நின்றுவிடும், ஏதென்ஸ் சுற்றித்தான் வர வேண்டும். அல்லது பிரேயஸ் துறைமுகத்தில் ராத்திரிக் கப்பல் ஏறினால் விடியும்போது ஹெராக்லியோன். சமாரியா பள்ளத்தாக்கு நடைக்காகவே வருகிறவர்கள் கவனிக்கவும்: குளிர்காலத்தில் அது மூடியிருக்கும், மே மாதம்தான் திறப்பார்கள். தென்கரைக் குக்கிராமங்களில் பாதி விடுதிகளில் ஆளிருக்காது. ஹனியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் ஆகிய மூன்றும் ஊர்க்காரர்களின் ஊர்கள், வருஷம் முழுக்க விழித்திருக்கும். இரண்டில் அறை போட்டு, பகலில் மலைக்கும் தென்கரைக்கும் போய் வருவதுதான் நடைமுறை.

சாலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடகரையோரம் ஓடும் தேசிய சாலையில் மெதுவாகப் போகிறவர் வலது ஓரத் திட்டில் பாதி ஏறி ஓட்டி, பின்னால் வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அந்த ஓரம் எங்கே முடியும் என்று முன்கூட்டித் தெரியாது, வளைவு தாண்டினால் ஒரு பழுதான லாரி அங்கேயே நிற்கலாம். சாலையோரம் நெடுகக் கம்பத்தின் மேல் சிறிய மாடங்கள் தெரியும், உள்ளே விளக்கும் திருவுருவமும் இருக்கும். பல மாடங்கள் விபத்து நடந்த இடத்தில் வைத்தவை. அது ஒன்றே போதும், வேகம் தானாகக் குறையும். மலையேறினால் ஆட்டு மந்தைகள். ஸ்ஃபாகியா பக்கம் துப்பாக்கிக் குண்டு துளைத்த பெயர்ப்பலகைகள். பயப்பட வேண்டாம், அது அந்த ஊர் இளவட்டங்களின் பொழுதுபோக்கு.

இத்தனைக்கும் பிறகு நவம்பரில் கிரீட்டுக்குப் போகச் சொல்வேன். ஆலிவ் அறுவடை நடக்கும், மரத்தடியில் வலை விரித்திருப்பார்கள், பிக்கப் வண்டிகள் மூட்டையோடு ஆலைக்கு ஓடும். திராட்சைச் சக்கையைக் காய்ச்சி ராக்கி இறக்கும் காலமும் அதை ஒட்டித்தான். மழை விழுந்ததும் காட்டுக் கீரைகள் முளைக்கும், அவித்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றித் தருவார்கள். கோடையில் கூட்டத்துக்குச் சமைக்கும் உணவகத்தில் இது கிடைப்பது அபூர்வம். சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே ராக்கியும் ஒரு இனிப்பும் மேசைக்கு வரும், பில்லில் ஏறாது. ஓட்டுகிறவர் ராக்கியைத் தொடாமல் இருக்க வேண்டும், அது ஒரு சோதனை. ஜனவரியில் போவதற்கு மட்டும் நான் ஓட்டுப் போட மாட்டேன். மேற்குப் பக்கம் மழை விடாது, மலைப்பாதைகளில் கல் சரியும், மேற்கே ‘வெள்ளை மலைகள்’ என்ற மலைத்தொடரில் பனி.

சரி, சிசிலி. ‘கடை திறந்திருக்குமா’ என்ற கேள்வி இங்கே எழவே எழாது. பலேர்மோவும் கத்தானியாவும் லட்சக்கணக்கானோர் வாழும் நகரங்கள், சுற்றுலாக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் சந்தை கூடும். பிப்ரவரி 3 முதல் 5 வரை கத்தானியாவில் புனித அகத்தா திருவிழா. ரத்த ஆரஞ்சு காலமும் இதுதான். அக்ரிஜெந்தோவின் கோயில் பள்ளத்தாக்கில் பிப்ரவரியில் பாதாம் பூக்கும். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டுத் தூண்களுக்கு முன்னால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்பதை ஆகஸ்டில் எவ்வளவு கொடுத்தாலும் பார்க்க முடியாது. தென்கிழக்கே நோத்தோ, ரகூசா, மோதிகா மூன்றும் 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு திரும்பக் கட்டிய ஊர்கள். பியாட்சா அர்மெரினா அருகே ரோமானிய மாளிகை ஒன்றில் அறுபது மீட்டருக்கும் மேல் நீளும் தாழ்வாரம் முழுக்க வேட்டைக் காட்சி மொசைக். அதன் ஒரு கோடியில் யானையோடும் புலியோடும் உட்கார்ந்திருக்கும் பெண்ணை இந்தியாவின் உருவம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பலேர்மோவில் நம் மொழியே காதில் விழலாம். அங்கே குடியேறிய ஈழத் தமிழர்கள், இந்துக்களும் சேர்த்துத்தான், மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போவார்கள்.

சிசிலியில் கார்தான் தலைவலி. வலது பக்க ஓட்டம். கியர் தேடும் இடது கை இரண்டு நாளைக்குக் கதவைத்தான் இடிக்கும். பழைய ஊர்களின் நடுப்பகுதியில் இசட்டிஎல் என்ற தடை வட்டங்கள் உண்டு, அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும். அதற்கு முன்பே, உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்த சேவைக்காக வாடகை நிறுவனம் தனிக் கட்டணத்தை கார்டில் எடுத்திருக்கும். கூகுள் மேப்ஸ் சொன்னது என்பது சாக்காகாது. ரகூசாவிலும் மோதிகாவிலும் சந்துகளில் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். சிறிய ஃபியட் பாண்டா போதும், பெரிய வண்டிக்கு இலவசமாக மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பலேர்மோவை முதலிலோ கடைசியிலோ வைத்துக்கொண்டு அந்த நாட்களுக்குக் காரே எடுக்காதீர்கள். மெஸ்ஸினாவிலிருந்து கத்தானியா போகும் சாலையில் டோல் உண்டு, பலேர்மோ-கத்தானியா சாலையில் கிடையாது. எட்னா எரிமலைக்கு ஏறுவதென்றால் குளிர்காலத்தில் பனி டயரோ சங்கிலியோ வண்டியில் இருந்தாக வேண்டும், வண்டி எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். எட்னா சாம்பலைக் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தை மூடிவிடுவார்கள், திரும்பும் நாளை ரொம்ப நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டில் முதல்முறை ஓட்டுகிறவர், கூடக் குழந்தைகளோ வயதான அப்பா அம்மாவோ வருகிறார்கள் என்றால் சைப்ரஸ்தான். ஒரு வாரத்தில் அடங்கும், டிசம்பர் ஜனவரியிலும் கைவிடாது. எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் கொடுத்தால் பிப்ரவரி சிசிலிக்குத்தான் போவேன், தென்கிழக்கு மூலையை மட்டும் பார்த்துவிட்டு வருவேன். மால்டாவை ஏன் விட்டேன் என்றால், அங்கே கார் வீண். முக்கியத் தீவே 27 கிலோமீட்டர் நீளம், நெரிசல் அதிகம், பஸ்ஸே போதும்.

கிளம்புமுன் மூன்று விஷயம். இந்திய லைசென்ஸ்காரர்கள் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், முன்பணத்தை அதில்தான் பிடித்துவைப்பார்கள், டெபிட் கார்டைப் பல கவுண்டர்களில் ஏற்பதில்லை. அறை பதியும்போது ஹீட்டர் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். இந்தக் கல் வீடுகளெல்லாம் வெயிலுக்காகக் கட்டியவை. வெளியே பதினாறு டிகிரி இருந்தாலும் உள்ளே ஸ்வெட்டரோடுதான் தூங்க வேண்டியிருக்கும்.