மாற்றிக் கட்ட எந்த பைக்: சிடி 125ஆ, ஜிஎன் 125ஆ, என்ஃபீல்டா?

பழைய பைக் ஒன்றை வாங்கி நம் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டும் ஆசை வந்துவிட்டால், அடுத்த கேள்வி எந்த பைக்கை வாங்குவது என்பதுதான். நான் மூன்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன்: ஹொண்டா சிடி 125 ட்வின், சுசுகி ஜிஎன் 125, ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. கடைசியில் ஜிஎன் வாங்கினேன். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எடுக்காதீர்கள், ஜிஎன் வைத்திருப்பவனின் வாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். யமஹா டிடபிள்யூ, ஹொண்டா எஃப்டிஆர் எல்லாம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். அவை பிறப்பிலேயே அழகு, அவற்றில் கிரைண்டர் வைக்க எனக்கு மனம் வராது.

ஸ்டைல் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1950களிலும் 60களிலும் லண்டன் ஏஸ் கஃபே வாசலில் கூடிய பையன்கள் வேகத்துக்காகத்தான் பைக்கில் இருந்ததையெல்லாம் கழற்றினார்கள், நோர்ட்டன் ஃப்ரேமில் ட்ரையம்ஃப் என்ஜினை ஏற்றி ட்ரைட்டன் கட்டினார்கள். அந்த வகை பைக்குக்குத்தான் கஃபே ரேசர் என்று பெயர். நம் ஊரில் பிரவுன் சீற் போட்டாலே அது கஃபே ரேசர். சரி, இருக்கட்டும். ஆனால் தாழ்ந்த க்ளிப்-ஒன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வேலை விடும் நேரத்தில் கொழும்பு பேஸ்லைன் வீதியில் ஊர்ந்து பாருங்கள், மணிக்கட்டு கெஞ்சும். பின் மட்கார்ட் இல்லாமல் மழையில் போனால் சட்டையின் முதுகெல்லாம் சேறு. அதனால் தட்டையான சீற், கொஞ்சம் உயர்ந்த ஹேண்டில், குட்டி மட்கார்ட் போதும் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். மூன்று பைக்கையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

சிடியின் சத்தத்துக்கு மற்ற இரண்டும் கிட்ட வராது. 124 சிசிக்குள் இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், அதனால் வரும் அந்த மெல்லிய ஒரே சீரான முனகலுக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் நாலு பைக்காரர்கள் தேநீர்க் கடையில் நின்றால், அங்கே சிடியில் வந்து இறங்குபவருக்குத்தான் மரியாதை. வயதானவர்கள் நின்று தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் பழைய மாடல்கள் பலவற்றில் 6 வோல்ட் மின்சாரம், இரவில் ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரியும். பாகம் தேட, வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனால் கிடைக்காமல் போகாது, ஆனால் ஒரு கடை நானா இன்னொரு கடைக்கு அனுப்புவார், அவர் மாளிகாவத்தைப் பக்கம் கை காட்டுவார், கடைசியில் கிடைக்கும் கார்புரேட்டர் எந்த மாடலுக்கு உரியது என்று விற்பவருக்கே தெரியாது. தேடல் பிடித்தவர்களுக்கு அதுவும் சுகம்தான்.

என்ஃபீல்டைப் பற்றி அளந்துதான் பேச வேண்டும், ஏனென்றால் நண்பர்களின் வண்டியை வாங்கி ஓட்டியதோடு என் அனுபவம் சரி. சென்னையில் செய்த வண்டி என்பதால் நம்மவர்களுக்கு அதில் ஒரு சொந்தம், நானும் விலக்கில்லை. 2021இல் வந்த புதிய கிளாசிக்கில் 349 சிசி என்ஜின், 20 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், எடை 195 கிலோ. நேர் வீதியில் சுகமாகப் போகும். ஆனால் இலங்கையில் மோட்டார் சைக்கிளை அதிவேக நெடுஞ்சாலையில் ஏற்ற முடியாது, கண்டிக்குப் போனாலும் காலிக்குப் போனாலும் பஸ்ஸுக்குப் பின்னால் பழைய வீதிதான். வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் அந்த எடையைத் திருப்பி நிறுத்தியவர்களிடம் கேளுங்கள். இன்னொன்று, ஃபியூவல் இன்ஜெக்ஷன், ஏபிஎஸ் உள்ள வண்டியில் வயரிங்கைத் தொட நம் சாதாரண கராஜ் பாஸ்மார் தயங்குவார்கள். ஆகவே என்ஃபீல்டை மாற்றிக் கட்டுவது பெரும்பாலும் பட்டியலைப் பார்த்து சீற், கண்ணாடி, சைலன்சர் வாங்கிப் பூட்டுவதாகவே முடிகிறது. அழகாக இருக்கும், ஆனால் அதே பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறதே.

ஜிஎன் 1982இல் வந்த எளிய வண்டி. ஒற்றைச் சிலிண்டர், காற்றில் ஆறும் என்ஜின், ஐந்து கியர், 12 வோல்ட், செல்ஃப் ஸ்டார்ட். பெற்றோல் டாங்க் ஏற்கெனவே துளி வடிவம், அதைத் தொடவே வேண்டாம். இதே என்ஜின் குடும்பத்தைத்தான் சுசுகி டிஆர், ஜிஎஸ் 125களிலும் போட்டது, அப்புறம் சீனாக்காரர்கள் அதைப் பிரதி எடுத்து எண்ணிக்கை இல்லாத வண்டிகளில் ஏற்றினார்கள். அதனால் பிஸ்டன் கிட், கிளட்ச் பிளேட், கேபிள் எதற்கும் அலைய வேண்டியதில்லை. குறை இல்லாமல் இல்லை: முன் சில்லு 18 அங்குலம், பின் சில்லு 16, பின்பக்கம் குந்தியிருப்பது போல் தெரியும். நிறையப் பேர் பின்னால் 18 அங்குலக் கம்பிச் சில்லு போடுகிறார்கள், நான் இன்னும் போடவில்லை. சத்தமும் சாதாரணம்தான். ஒரு எச்சரிக்கை: ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சின்ன கூம்பு ஃபில்டர் மாட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காற்று கூடி கலவை மெலியும், என்ஜின் கொதிக்கும். கார்புரேட்டரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றினால் சில வேளை மறுபக்கம் போய்ப் புகை கூடும், அப்புறம் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தடுமாற வேண்டும், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. நான் பெட்டியை அப்படியே விட்டுவிட்டேன், பக்கத் தகட்டால் மறைத்தாயிற்று.

ஆனால் என்னை ஜிஎன் பக்கம் தள்ளியது இவை எதுவுமே இல்லை, புத்தகம்தான். பதிவுப் புத்தகத்தில் சேஸி இலக்கம், என்ஜின் இலக்கம், நிறம் எல்லாம் இருக்கும், வண்டியில் உள்ளதும் அதில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். சிடி தேடிய நாட்களில் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. என்ஜின் எப்போதோ மாற்றியிருப்பார்கள், அதைப் புத்தகத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரிலேயே கை மாறி மாறி வந்திருக்கும், புத்தகத்தில் உள்ள சொந்தக்காரர் எண்பதுகளிலேயே கனடாவுக்குப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார், அவருடைய கையெழுத்துக்கு எங்கே போவது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் திறக்கும் வரை பழைய வண்டிகளுக்கு வந்த கிராக்கியில், புத்தகமும் சேஸியும் மட்டும் என்று விற்பவர்களும் கிளம்பினார்கள். துரு பிடித்த இரண்டு வண்டியை ஒன்றாக்கி, எந்தப் புத்தகம் நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்வது.

இதெல்லாம் பொலிஸ் மறித்தால்தானே என்று நினைப்பவர்கள் 2022ஐ மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் தட்டுப்பாட்டில் அதைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் முறை வந்தபோது வாகன இலக்கத்தோடு சேஸி இலக்கத்தையும் கொடுத்துத்தான் பதிய வேண்டியிருந்தது. புத்தகம் சுத்தமாக இருந்தவர்களுக்கு ஆரம்பத்தில் வாரம் 4 லீற்றர், மற்றவர்கள் யாரிடமோ கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். அந்த 4 லீற்றரில் ஒரு 125 வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் என்பதும் என் கணக்கில் ஏறியது, என்ஃபீல்ட் நண்பர்கள் அந்த நாட்களில் பஸ்ஸில்தான் வந்தார்கள்.

ஜிஎன்னில் இந்தத் தலைவலி குறைவு, இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். சிடிகளை விடப் புதியவை, கை மாறியதும் குறைவு, அசல் என்ஜினோடு இருப்பவை தாராளம். எனக்குக் கிடைத்தது ஒரே பெயரில் இருந்த வண்டி, விற்றவரே வந்து கையெழுத்துப் போட்டார். புத்தகம் சரியாக இருந்ததால் நிறத்தை மாற்றிப் பதிவதும் வெறும் வரிசை வேலைதான்.

திரும்ப விற்பதைப் பற்றியும் கேட்பீர்கள். மாற்றிக் கட்டிய வண்டிக்குச் செலவழித்த காசு திரும்பி வராது, மூன்றுக்கும் அதே கதை. என்ஃபீல்டில் கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் பழையபடி பூட்டி விற்கலாம், இந்த ஒரு விஷயத்தில் அதுதான் முதலிடம். ஜிஎன்னிலும் பின் ஃப்ரேமை வெட்டாதவரை அப்படிச் செய்யலாம். வெல்டிங் பாஸ் ‘தம்பி, இந்த வளைவை வெட்டினால் இன்னும் எடுப்பாக இருக்கும்’ என்று ஆசை காட்டுவார், நான் பிடிகொடுக்கவில்லை. பழைய படிச் சீற்றும் பின் மட்கார்டும் மொட்டை மாடியில் சாக்குக்குள் கிடக்கின்றன, கடல் காற்றுக்கு எண்ணெய் பூசித்தான் வைத்திருக்கிறேன்.

சிடிதான் வேண்டும் என்று நிற்பவர்களை நான் தடுக்கப் போவதில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கும் இப்போதும் ஆசை வரும். பார்க்கப் போகும்போது டோர்ச் ஒன்றும் மண்ணெண்ணெய் நனைத்த துணியும் கொண்டுபோங்கள். கழுத்துப் பக்கத்தில் சேஸி இலக்கத்தைத் துடைத்து, புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் புதிதாக இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.