ஆறு வருடச் சந்தாவும் ஓர் ‘அரை மணி நேரமும்’

இந்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. காடி (கார்) வழியில் நின்றுபோனால் ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் 2019-லிருந்து ஆறு வருடம் உறுப்பினராக இருந்தேன். பெயரை எழுதவில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது என்பதுதான் இந்த ஆறு வருடத்தில் நான் கண்டது.

நான் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில். ஓட்டுவது 2013 மைவி, சின்னக் காடி. அம்மா புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கிறார், அதனால் மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வடக்கே போக வேண்டும். பினாங்குப் பக்கம் ஒரு வழிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பழைய காடி, நீண்ட பாதை, தனி ஆள். சந்தா வருடத்துக்கு 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்று மேல். கணக்குப் போட்டால் நியாயமாகத்தான் தெரிந்தது.

முதல் அனுபவம் பிரமாதம். 2019 கடைசியில் ஒரு நாள் காலை ஆறரைக்கு வீட்டு வாசலில் காடி உயிரே இல்லாமல் கிடந்தது. கூப்பிட்ட 35 நிமிடத்தில் ஒரு பையன் வந்து கேபிள் போட்டு எழுப்பினான். பேட்டரியை அளந்து பார்த்து, “இது முடிஞ்சது அண்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு வருசம் ஓடுனதே பெருசு” என்று புதிதாக ஒரு என்எஸ்40 மாட்டிவிட்டுப் போனான். விலையும் கடை விலைதான். அன்றைக்கே அலுவலகத்தில் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன். அந்த இருவரும் இப்போது என்னைப் பார்த்தால் சொல்வது வேறு.

2021 டிசம்பர் 18 வெள்ளத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அன்று ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தம்பி வீட்டில் இருந்தேன். காடிக்குள் கால் வைக்கும் இடம் வரை தண்ணீர். இணைப்பே கிடைக்கவில்லை. அந்த நாளில் யாருக்குத்தான் கிடைத்தது? ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு ஒன்று தெரிந்தது. வெள்ளத்தில் நின்ற காடியை இழுப்பது சந்தாவில் சேராதாம். உறுப்பினர் கையேட்டில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. காடிக் காப்புறுதியிலும் இதே கதைதான், முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளத்துக்குத் தனியாகக் காசு கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. அது என் தப்பு.

அடுத்த வருடம் தாப்பா அருகே, பிளஸ் நிறுவனம் நடத்தும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஃபேன் பெல்ட் அறுந்தது. நிறுவனத்தைக் கூப்பிட்டால், “நெடுஞ்சாலைக்குள் எங்கள் வண்டி வராது, முதலில் பிளஸ் ஆட்கள் உங்களை வெளியே கொண்டுவரட்டும்” என்றார்கள். இதைச் சொல்ல என்னைப் பத்து நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிளஸ் லைன் எண் 1800-88-0000. கிலோமீட்டர் பலகையில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். இருபது நிமிடத்தில் ரோந்து வண்டி வந்தது, பின்னால் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள், அருகிலிருந்த டோல் சாவடி வரை இழுத்துப் போய் விட்டார்கள். ஒரு காசு வாங்கவில்லை. அது எல்லா ஓட்டுநருக்கும் உள்ள சேவை, எந்தச் சந்தாவும் தேவையில்லை. டோல் சாவடியிலிருந்துதான் என் நிறுவனத்தின் வேலை ஆரம்பம். “அரை மணி நேரத்தில் வரும்” என்றார்கள். மூன்று மணி நேரம் ஆனது. வெயிலில் நின்று வாங்கிய கரும்புச் சாறே நான்கு.

அப்போதே விட்டிருக்க வேண்டும். சோம்பேறித்தனம். சந்தா வங்கி அட்டையில் தானாகவே போய்க்கொண்டிருந்தது.

இனி 2024. கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து முடிந்து அம்மாவோடு செந்தூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இரவு, தூறல். சுபாங் தாண்டும்போது பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வைப்பர் நொண்டியது, முன்விளக்கு மங்கியது, ஸ்டியரிங் கல்லாகிக்கொண்டே வந்தது. பெடரல் நெடுஞ்சாலையில் ஆசியா ஜெயா எல்ஆர்டி நிலையத்தின் அருகே இடது ஓரத்தில் ஒதுக்கினேன். மணி 9.40.

9.46-க்குக் கூப்பிட்டேன். மொழியைத் தேர்ந்தெடு, எண்ணை அழுத்து, அடையாள அட்டை எண்ணைச் சொல், காடி எண்ணைச் சொல். அப்புறம் பாட்டு. பதினான்கு நிமிடம் கழித்து ஒரு பெண் வந்தார். நான் தெளிவாகச் சொன்னேன்: பேட்டரி போன வருடம்தான் மாற்றினேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிகிறது, ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்) போயிருக்கும், இழுவை வண்டி அனுப்புங்கள். காடி ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருந்தால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும், என்னிடம் இருந்த சிறிய மீட்டரில் 12-க்கும் கீழே காட்டியது, அதையும் சொன்னேன். பாவம், அவர் முன்னால் ஒரு திரை இருந்திருக்கும். அந்தத் திரையில் ‘பேட்டரி விளக்கு’ என்று போட்டால் பேட்டரி ஆள்தான் போக வேண்டும் என்று இருந்திருக்கும். “முறை அப்படித்தான், என்சிக் (ஐயா). அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் வருவார்.”

காத்திருந்தபோது ஒரு இழுவை வண்டி தானாகவே வந்து முன்னால் நின்றது. இறங்கியவர் என் நிறுவனம்தான் அனுப்பியது என்றார். என் காடி எண் என்ன, கேஸ் எண் என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார். இவர்களை மலாயில் ஊலாட் என்பார்கள், புழு என்று அர்த்தம். கொக்கியை மாட்டவிட்டால் தங்களுக்கு வேண்டிய பட்டறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கேட்ட காசைக் கொடுத்தால்தான் காடி என்று நிற்பார்கள். அவசரத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, கேஸ் எண்ணை அந்த ஆள் வாயால் சொல்ல வைக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி ஆள் வந்தது 11.05-க்கு. செயலியில் என் இருப்பிடம் எதிர்த்திசைச் சாலையில், அதாவது கிள்ளான் போகும் பக்கம் காட்டியிருக்கிறது. அவர் அங்கே போய் நின்று, என்னைப் பார்த்துக் கையசைத்து, எங்கேயோ போய் வளைந்து வந்தார். ஐந்தே நிமிடம் சோதித்தார். “ஆல்டர்னேட்டர் அண்ணே. டோ தான்.” நான் ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை.

அவர் கிளம்பிய கையோடு எனக்கு எஸ்எம்எஸ். ‘உங்கள் சேவை வெற்றிகரமாக முடிந்தது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

முடிந்துவிட்டதாம்! திரும்பக் கூப்பிட்டால் முந்தைய கேஸ் மூடியாயிற்று, புதிதாகத் திறக்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் அடையாள அட்டை எண், காடி எண், எந்தச் சாலை, எந்தத் திசை. வரிசையின் கடைசிக்கு என்னை அனுப்பியாயிற்று. பேசியது வேறொருவர், முந்தைய பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. “அரை மணி நேரம், என்சிக்.” 12 மணிக்குக் கூப்பிட்டேன். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். 12.40-க்குக் கூப்பிட்டேன். வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள்.

அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை வேறு. கிராப் வாடகைக் காடி பிடித்துத் தருகிறேன், வீட்டுக்குப் போங்கள் என்றால் கேட்கவில்லை. “உன்னை நடுரோட்டுல விட்டுட்டு நான் அங்க போய் முழிச்சுக்கிட்டு உக்காரவா?” பட்டுப்புடவையோடு பின்சீட்டில் இருந்து, கல்யாண வீட்டில் கொடுத்த பையைப் பிரித்து எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லாரி ஒவ்வொன்று போகும்போதும் காடி ஆடியது. எனக்கு அந்த ஆட்டம்தான் இன்னும் மறக்கவில்லை.

1.35-க்கு வண்டி வந்தது. ஓட்டியவர் நம் தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். நான் இரண்டு மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை அவன் மேல் இறக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான். “மன்னிச்சிருங்கண்ணே. எனக்குப் பன்னெண்டு அம்பதுக்குத்தான் கால் வந்துச்சு. காப்பார்லேர்ந்து வரேன்.”

12 மணிக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்ன வண்டி!

செந்தூல் வரும் வரை அவனோடு பேசியதில்தான் விஷயமே விளங்கியது. நிறுவனத்துக்கு இந்த வட்டாரத்தில் சொந்த வண்டி கிடையாது. இருப்பது தொலைபேசி மேசை. அழைப்பு வந்ததும் ஒப்பந்தக்காரர்களுக்குத் தகவல் போகும். ஒரு வேலைக்குத் தரும் தொகை குறைவு, அதனால் சனி இரவில், மழையில், பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவர்கள் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவர், அவரும் மறுத்தால் இன்னும் தள்ளி. அப்படிப் போய்ப் போய்க் காப்பாரில் விழுந்திருக்கிறது. யாரும் எடுக்காத அந்த நேரத்தில் மேசையில் இருப்பவர் என்ன சொல்வார்? அரை மணி நேரம் என்பார். தொகை எவ்வளவு என்று அவன் சொன்னான், இங்கே எழுதினால் அவன் பிழைப்புக்குக் கேடு. அவன் வண்டிக் கதவில் மூன்று நிறுவனங்களின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அம்மா அவனுக்கு ஒரு லட்டும் முறுக்கும் கொடுத்தார், ஒரு கையால் ஓட்டிக்கொண்டே சாப்பிட்டான்.

கதை அங்கே முடியவில்லை. இரவு இரண்டரைக்கு எந்தப் பட்டறை திறந்திருக்கும்? காடியை வீட்டில் இறக்கினோம். திங்கட்கிழமை என் போர்மேனிடம் (மெக்கானிக்) கொண்டுபோகச் சொன்னால், ஒரு பழுதுக்கு ஒருமுறைதான் இழுவை, இரண்டாவதற்குக் காசு என்றார்கள். 180 வெள்ளி கட்டினேன். முதலில் பேட்டரி ஆளை அனுப்பாமல் இழுவை வண்டியை அனுப்பியிருந்தாலும் நள்ளிரவுக்குள் பட்டறை திறந்திருக்காதே என்று அவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரே பழுதுக்கு இரண்டு கேஸ் திறக்க வைத்தவர்கள், இழுவைக்கு மட்டும் அதை ஒரே பழுது என்று எண்ணுகிறார்களே, அதைத்தான் நான் புகாரில் கேட்டேன்.

புகார் அனுப்பினேன். வருத்தம் தெரிவித்து ஒரு பதில். இரண்டு வாரம் கழித்து நினைவூட்டினேன். அதே வருத்தம், எழுத்துப் பிசகாமல். தொலைபேசியில் கேட்டால் ஒவ்வொரு முறையும் புதியவர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கல்யாண வீட்டுக் கதை. ஆறாவது வாரம் ஒரு வரி எழுதினேன்: மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். அங்கே மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். நான்காம் நாள் மேலாளர் ஒருவர் தாமாகவே கூப்பிட்டார். 180-ல் 120 வெள்ளி திரும்ப வந்தது. மீதி 60 ‘நிர்வாகச் செலவு’. அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் இன்னொரு கண்டுபிடிப்பு. காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது முகவர் சாவகாசமாகச் சொன்னார், என் முழுக் காப்புறுதியிலேயே 24 மணி நேர இழுவைச் சேவை இருக்கிறதாம், குறிப்பிட்ட தூரம் வரை இலவசம். எத்தனை வருடமாக என்று கேட்டேன். “எப்பவும் இருந்துச்சே, நீங்க கேக்கல.” ஆக இரண்டு இடத்தில் காசு கட்டியிருக்கிறேன். உங்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர், போகவர சேர்த்தா, வருடத்துக்கு எத்தனை முறை, அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து எடுக்கத் தனிக் காசா என்று கேளுங்கள். அங்கேயும் வரப்போவது அநேகமாக அதே வண்டிகள்தான், அதனால் மணிக்கணக்கில் பெரிய மாற்றம் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சந்தா மிச்சம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் யாருக்கும் வேண்டாமா? காப்புறுதியில் இழுவை இல்லாதவர்களுக்கு, வீட்டு வாசலில் பேட்டரி போகும் ரகத்தினருக்கு, பகல் நேரத்தில் நகருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு இது போதும். பேட்டரி ஆட்கள் திறமைசாலிகள், அதில் எனக்குக் குறையே இல்லை. இரவில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இப்போது என் கண்ணாடி மறைப்பின் பின்னால் ஓர் அட்டையில் மூன்று எண்கள் எழுதி வைத்திருக்கிறேன். பிளஸ் லைன், காப்புறுதி நிறுவனம், காப்பார்ப் பையன். சென்ற மாதம் பூச்சோங்கில் அலுவலக நண்பர் ஒருவரின் காடி நின்றபோது பையனைத்தான் கூப்பிட்டேன். “ஒன்றரை மணி நேரம் ஆகும்ணே, கிள்ளான்ல ஒரு காடிய எறக்கணும், பரவாயில்லையா?” என்றான். பரவாயில்லை என்றோம். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வந்து நின்றோம். ஒன்றேகால் மணி நேரத்தில் வந்தான்.