செட்ரிசினா, ஃபெக்ஸோஃபெனடினா?

பெங்களூரில் பார்த்தீனியக் களைச்செடியும் தூசியும் தும்ம வைக்கும்போது நம்மவர்கள் கேட்பது இது. உடல், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாக்கும் ஹிஸ்டமின்தான் தும்மலைக் கிளப்புகிறது. அதன் வேலையைத் தடுப்பவைதான் இந்த இரண்டு ஒவ்வாமை மருந்துகளும்.

விலை: செட்ரிசின் மலிவு. மற்றது கூடுதல்.

தூக்கம்: செட்ரிசின் சிலரைத் தூக்கத்தில் ஆழ்த்திவிடும். ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லை. சில்க் போர்டு நெரிசலில் பைக் ஓட்டுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சாப்பிடும் முறை: பெரியவர்களுக்கு இரண்டுமே நாளுக்கு ஒரு மாத்திரை. ஆனால் ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்காதீர்கள். உடலில் சேரும் மருந்து குறைந்துவிடும். தண்ணீர் போதும்.

இரவெல்லாம் அரிப்பில் தவிப்பவருக்கு செட்ரிசின் பொருந்தும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எதுவானாலும் டாக்டரைக் கேட்டே எடுங்கள். இரண்டுக்குமே அளவைக் குறைக்க வேண்டிவரும்.