வேரழுகலுக்கு எது மருந்து: பெராக்சைடா, கத்தரிக்கோலா?

வேரழுகலுக்கு மருந்து என்று பலர் சொல்வதைக் கேட்டு, வாடிய செடியின் தொட்டியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை ஊற்றினால் மண்ணுக்குள்ளிருந்து சலசலவென்று ஓசை கேட்கும். வெள்ளை நுரை பொங்கி வரும். மருந்து வேலை செய்கிறது என்று மனம் ஆறுதல் அடையும். நானும் அந்த நுரையை நம்பி, இலைகள் மஞ்சளித்த ஒரு மணி பிளான்டுக்கு மூன்று வாரம் ஊற்றினேன். நான்காவது வாரம் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. விரலால் இழுத்தால் மேல்தோல் உரிந்து கையோடு வந்தது, நடுவில் நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது.

நுரை எங்கிருந்து வருகிறது? வேர்களிலும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. பெராக்சைடு பட்டவுடன் அது அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடுகிறது. ஆகவே நுரை பொங்கும்போது மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது. மக்கு உரம் மிகுந்த மண்ணில் இன்னும் விரைவாகத் தீரும். கீழே அழுகிக்கொண்டிருக்கும் வேருக்குப் போய்ச் சேருவது சொற்பமே.

'வேருக்கு ஆக்சிஜன் கிடைக்குமே' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 சதவீதக் கரைசல் தன் கன அளவைப்போல் சுமார் 10 மடங்கு ஆக்சிஜனை வெளியிடும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்தால், ஒரு லிட்டரிலிருந்து ஏறத்தாழ 2 லிட்டர் வரும். அதில் பெரும்பகுதி குமிழியாக மேலேறிக் காற்றோடு போய்விடுகிறது. ஈரம் மட்டும் தொட்டியிலேயே தங்குகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் துளைகளில் நீர் அடைத்துக்கொண்டதால் மூச்சுத்திணறிய வேருக்கு நாம் மேலும் ஒரு குவளை நீரைத்தான் ஊற்றுகிறோம்.

கத்தரிக்கோல் இந்த இடத்தில்தான் முந்துகிறது. செடியை வெளியே எடுத்து, பழைய மண்ணை உதறி, வேர்களைக் கழுவிப் பார்க்க வேண்டும். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருப்பவை நல்ல வேர்கள். குழைந்தவை, நாற்றம் அடிப்பவை எல்லாவற்றையும் நல்ல திசு தெரியும் வரை வெட்ட வேண்டும். வேர் குறைந்த அளவுக்கு இலைகளையும் சிறிது குறைத்து, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள் கலந்த புதிய மண்கலவையில், வேர்த்தொகுதியைவிடச் சற்றே பெரிய தொட்டியில் நட வேண்டும். பெரிய தொட்டி வேண்டாம்: வேர் உறிஞ்ச முடியாத ஈரம் அதில் தேங்கி அழுகல் திரும்ப வரும். இதற்கு அரை நாள் பிடிக்கும், கை அழுக்காகும். ஆனால் நோய்க்கிருமி வேரின் உள்ளே இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுக்க வெட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வெட்டியபின் ஒருமுறை நீர்த்த பெராக்சைடில் வேரை நனைப்பதில் தவறில்லை. நான் இப்போது அதையும் செய்வதில்லை.

பெராக்சைடின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. வேரழுகலுக்குப் பெரிதும் காரணமான பித்தியம், பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர்கள் உண்மையான பூஞ்சைகள் அல்ல. அவை வேறு இனம். அதனால் பல பூஞ்சைக்கொல்லிகளுக்கு அவை அசைவதில்லை. பெராக்சைடு அந்த வேறுபாடு பார்க்காது, பட்டதையெல்லாம் எரிக்கும். அதே குணத்தால் நுண்ணிய வேர்த்தூவிகளும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் சேர்ந்தே சாகும். டிரைக்கோடெர்மா இதற்கு நேர் எதிர்: அது உயிருள்ள பூஞ்சை, மண்ணில் குடியேறி நோய்க்கிருமிகளின் இடத்தைப் பிடிக்கும். அழுகிய வேரை அது மீட்காது. புதிய மண்ணில் முன்காப்பாகவே பயன்படும். பெராக்சைடையும் அதையும் சேர்த்து இடுவது டிரைக்கோடெர்மாவைக் கொல்வதற்குச் சமம்.

தொட்டி மண்ணிலிருந்து கிளம்பிப் பறக்கும் சிறு கறுப்புப் பூச்சிகளுக்கும் பெராக்சைடைப் பரிந்துரைக்கிறார்கள். அவற்றின் புழுக்கள் மேல்மண்ணில் ஒருசில சென்டிமீட்டர் ஆழத்தில் வாழ்கின்றன. கரைசல் பட்ட புழு சாகும். மறுநாளே பறக்கும் பூச்சி வந்து முட்டையிடும். முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று, நான்கு வாரங்கள் ஆவதால் ஒருநாள் சிகிச்சை போதாது. இங்கே நான் தயங்காமல் பி.டி.ஐ. பக்கம் நிற்கிறேன். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது அதன் முழுப்பெயர். 1976இல் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட பாக்டீரியா. புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும். வேருக்கு ஒன்றும் ஆகாது. வாரம் ஒருமுறை, ஒரு மாதம் நீரில் கலந்து ஊற்ற வேண்டும். கூடவே மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, மேல்மண்ணைக் காயவிட வேண்டும். வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள்: அதே பாக்டீரியாவில் கம்பளிப்புழுக்களுக்கு விற்கும் குர்ஸ்டாகி வகை இந்தப் புழுக்களைக் கொல்லாது.

இலைநோய்களுக்குப் பெராக்சைடு தெளிப்பதை நான் ஏற்கவில்லை. இளம் இலைகள் கருகும். சாம்பல் நோய்க்குப் பொட்டாசியம் பைகார்பனேட் மேல். இலவங்கப்பட்டைத் தூள் பூசுவது தண்டின் வெட்டுக்காயத்தை உலர்த்தலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெராக்சைடு உண்மையிலேயே வெல்லும் இடம் செடிக்கு வெளியே இருக்கிறது. பழைய தொட்டிகளைக் கழுவ அது நல்லது. பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும். ஆனால் நெடி அடிக்கும், நன்றாக அலசாவிட்டால் எச்சம் தங்கும். பெராக்சைடு விட்டுச்செல்வது தண்ணீரைத்தான். மண் ஒட்டியிருந்தால் முதலில் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் அந்த மண்ணிலேயே அது தீர்ந்துவிடும்.

செடிக்கே ஊற்றத் தீர்மானித்தால், குப்பியின் மேலுள்ள எண்ணைப் படியுங்கள். 3 சதவீதமானால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர். 6 சதவீதமானால் ஒன்பது பங்கு. முடிநிறம் மாற்றும் பெராக்சைடில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அது கூடாது. 35 சதவீதக் கரைசல் தோலைச் சுடும், அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். வெளிச்சம் பட்டால் பெராக்சைடு சிதையும் என்பதால்தான் குப்பி பழுப்பு நிறத்தில் இருக்கிறது. நாள்பட்ட குப்பியென்றால் வெட்டிய உருளைக்கிழங்கில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைக்கவில்லையென்றால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். வினிகரோடு மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள்: பெரஅசெட்டிக் அமிலம் உருவாகி, கண்ணையும் மூச்சையும் தாக்கும்.