எட்டாவது வாரம்: பாடத்தை விடுவதா, தேர்வு எழுதுவதா?

நிகழ்தகவுப் பாடத்தின் இடைத்தேர்வில் முப்பதுக்கு 9 வாங்கினேன். தாள் கைக்கு வந்தது எட்டாவது வாரத்தில். 'டபிள்யூ' குறியோடு (விலகினார் என்று மட்டும் பதிவாகும், சராசரியில் சேராது) விலகுவதற்கான கெடு இடைவிடுமுறை வாரத்தோடு முடிந்திருந்தது. இனி விட்டால் 'எஃப்', அதாவது தோல்வி, பூஜ்யப் புள்ளி. கட்டணமும் திரும்பாது.

விட்டால் மற்ற நான்கு பாடங்களுக்கு நேரம் கிடைக்கும். அதை மறுக்கமாட்டேன். ஒப்படைப்புகள் குவிகிற மாதத்தில் அது பெரிய நிம்மதி.

என்னைத் தடுத்தது கணக்குதான். சிங்கப்பூரின் ஈசூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, அதே துறையில் படித்து முடித்த அண்டை வீட்டு அக்கா, கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதுவரை 10 பாடங்கள், ஒவ்வொன்றும் 4 அலகு, சராசரி 5க்கு 3.8. அவற்றோடு இதை மட்டும் சேர்த்துப் பார்த்தால், எஃப் என்றால் 3.45; தட்டுத் தடுமாறி 'டி' வாங்கினால் 3.55, 'சி' என்றால் 3.64. ஆனர்ஸ் பட்டத்தில் ஒரு படியைப் பிரிக்கும் கோடு 3.5. "பூஜ்யத்தை நீயே கேட்டு வாங்கப் போகிறாயா?" என்றார். 3.45க்குக் கீழே அவர் இரண்டு கோடு போட்டது இன்னும் நினைவிருக்கிறது.

மறுபடி எடுத்துத் தேறினாலும் எங்கள் பல்கலைக்கழகத்தில் பழைய எஃப் கணக்கிலேயே நிற்கும். அதோடு அது கட்டாயப் பாடம். அடுத்த பாடத்துக்கு முன்தகுதி. ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். விட்டால் ஓராண்டு தள்ளிப்போகும். கடினமான பாடத்தை விட்டால் மனச்சுமை குறையும் என்கிறார்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகு அதே சுமை, அதே பாடம், பின்னால் வந்தவர்களுக்கு நடுவே. எனக்கு அது குறைவதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வழி மேல்முறையீடு: கெடு முடிந்த பிறகும் எஃப் இல்லாமல் விலக அனுமதி கேட்பது. நோய், குடும்பத்தில் இழப்பு போன்ற காரணங்களுக்கு மருத்துவச் சான்றோடு கேட்கலாம். நான் கேட்டதில்லை. ஒரு தோழி மருத்துவமனையில் இருந்தபோது கேட்டாள், கிடைத்தது. உண்மையிலேயே உடல்நிலை காரணம் என்றால், என் கணக்கையெல்லாம் தள்ளிவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள்.

எனக்கு அப்படி எதுவும் இல்லை. பாடம் புரியவில்லை, அவ்வளவுதான். மீதி ஐந்து வாரமும் வியாழக்கிழமை ஆலோசனை நேரத்தில் பயிற்சி ஆசிரியர் முன் உட்கார்ந்தேன். முதல் நாள் நிபந்தனை நிகழ்தகவில் (ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்று நடக்கும் வாய்ப்பு) ஒரே ஒரு கணக்கு. அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. மரக்கிளை வரைபடம் போட்டபோதுதான் எதை எதால் வகுக்கிறோம் என்று பிடிபட்டது. இறுதியில் 'சி' வந்தது.